நெபுலைசர் வைத்தாயிற்று, மூச்சு வந்துவிட்டது... அப்புறம்? ஆஸ்துமாவும் தூத்துக்குடியும்!

தூத்துக்குடியில் மூச்சை வைத்தே பிழைத்த குடும்பங்கள் உண்டு. இடுப்பில் கயிறு, காலில் கல். ஒரே மூச்சில் அடியாழம் வரை இறங்கி, சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். படகில் நின்று கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மச்சானாகத்தான் இருப்பாராம். 'கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதே, விட்டுவிடுவானா?' என்று கடற்கரையில் இன்றும் சொல்வார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சங்கு குளிப்பு மட்டும் இன்னும் தொடர்கிறது.

கடலுக்கடியில் மூச்சடக்கியவர்களின் ஊரில், கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சு கிடைக்காமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்கள் மருத்துவமனைக்குள் நுழையும் முதல் ஒரு மணி நேரத்தையும், அங்கிருந்து வெளியேறும் கடைசி அரை மணி நேரத்தையும் பற்றியது.

துறைமுகத்தில் லோடு இறக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குகிறார். மனைவி பக்கத்து வீட்டு ஆட்டோவை எழுப்பி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார். முகத்தில் மாஸ்க் வைத்து நெபுலைசர் போடுகிறார்கள். புகை மாதிரி மருந்து உள்ளே போக, இருபது நிமிடத்தில் மூச்சு திரும்புகிறது. விடியற்காலையில் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். 'ஒரு மாஸ்க் வச்சா சரியாயிடும்' என்பது மனதில் பதிந்துவிடுகிறது. மூன்று வாரம் கழித்து அதே இரவு, அதே ஆட்டோ.

இதைப் படிக்கும் பலருக்கு அந்த லோடுமேனின் இடத்தில் அப்பாவோ, சித்தியோ, நீங்களேயோ ஞாபகத்துக்கு வரலாம். ஆஸ்துமா குழந்தைகளின் நோய் என்ற எண்ணம் நம் ஊரில் பலமாக இருக்கிறது. நாற்பது வயதில் முதன்முறையாக வருபவர்களும் இருக்கிறார்கள். 'வயசாகுது, இளைக்கத்தான் செய்யும்' என்று அவர்களை வீட்டிலேயே சமாதானப்படுத்திவிடுகிறோம்.

மூச்சு வந்துவிட்டால் நோய் போய்விட்டதா?

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்குள் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, குழாயைச் சுற்றியிருக்கும் தசை சுருங்கி இறுக்குகிறது. இரண்டு, குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி கட்டுகிறது. நெபுலைசரில் வைக்கும் சல்பியூட்டமால் முதல் பிரச்னையைத்தான் தீர்க்கும். தசை தளர்ந்ததும் காற்று போய்வரும், உயிர் வந்த மாதிரி இருக்கும். வீக்கம் அப்படியே இருக்கும். சல்பியூட்டமாலின் வேலை நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால், வீக்கம் மிச்சமிருப்பவருக்கு இறுக்கம் மறுபடி வரலாம்.

வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு மருந்து. மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுத்தாலும் அது வேலை செய்யத் தொடங்க சில மணி நேரமாகும். அதனால்தான் வந்து சேர்ந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. வீடு திரும்பிய பிறகும் பெரியவர்களுக்குப் பொதுவாக 5 முதல் 7 நாள் வரை அந்த மாத்திரை தொடர வேண்டும். 'மூச்சு வந்திருச்சே' என்று இரண்டாம் நாளே நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

நம்மூர் கிளினிக்குகளில் பல வருடங்களாகப் போடப்படும் தியோஃபிலின் வகை ஊசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'அந்த ஊசி போட்டாத்தான் எனக்குக் கேக்கும்' என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. உலக ஆஸ்துமா வல்லுநர் குழுவான 'ஜினா', திடீர் இளைப்புக்கு இந்த வகை மருந்து வேண்டாம் என்கிறது. சல்பியூட்டமாலை விட இதன் பலன் குறைவு, இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து அதிகம் என்பதே காரணம்.

195 மரணங்கள் சொன்ன பாடம்

2012 பிப்ரவரி முதல் 2013 ஜனவரி வரை பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவக் குறிப்புகளை, லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிஸிஷியன்ஸ் ஒருங்கிணைத்த குழு வரி வரியாகப் படித்தது. அறிக்கை 2014 மே மாதம் வெளியானது. பணமும் மருந்தும் இலவச சிகிச்சையும் இருக்கும் நாடு. அங்கேயும் 195 பேரில் 45 சதவிகிதத்தினர் மருத்துவ உதவியைத் தேடாமலோ, அவசர சிகிச்சை கிடைப்பதற்கு முன்போ இறந்திருந்தார்கள். மருத்துவமனையில் ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் 10 சதவிகிதம்.

இன்னொரு தகவல் இன்னும் உறுத்துகிறது. நோயின் தீவிரத்தைக் கணிக்க முடிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 'லேசானது' அல்லது 'மிதமானது' என்ற பெயரில்தான் சிகிச்சை பெற்று வந்தார்கள். உடனடி நிவாரண இன்ஹேலர் பயன்படுத்தி வந்தவர்களில் 39 சதவிகிதத்தினருக்கு, இறப்பதற்கு முந்தைய ஒரே வருடத்தில் 12-க்கும் மேற்பட்ட இன்ஹேலர்கள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. மாதம் ஒன்றுக்கு மேல்! நிவாரண இன்ஹேலர் சீக்கிரம் சீக்கிரம் தீர்கிறது என்பதே ஆபத்தின் அறிகுறி. மருந்துச் சீட்டு எழுதியவர்கள் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இன்ஹேலர் வாங்கித் தருபவர் நீங்களென்றால், போன வருடம் எத்தனை வாங்கினீர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

இந்த அறிக்கைக்குப் பிறகு, 2018 நவம்பரில் பெரியவர்களின் ஆஸ்துமாவுக்கென்றே அங்கே ஒரு தேசிய தணிக்கை தொடங்கியது. நோயாளி வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊதும் திறன் அளக்கப்பட்டதா, ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா, 24 மணி நேரத்துக்குள் நுரையீரல் நிபுணர் குழு பார்த்ததா, வீட்டுக்கு அனுப்பும்முன் என்னென்ன செய்யப்பட்டது என்று மருத்துவமனை வாரியாகக் கணக்கெடுக்கிறார்கள். புது மருந்தோ பெரிய மெஷினோ கிடையாது. ஏற்கெனவே தெரிந்த வேலை நடந்ததா என்று எண்ணிப் பார்ப்பது, அவ்வளவுதான்.

'அண்ணாச்சி, பலமா ஊதுங்க!'

ஊதும் திறனை அளக்கும் கருவியின் பெயர் பீக் ஃப்ளோ மீட்டர். பிளாஸ்டிக் குழாய், அதில் ஒரு அளவுகோல், ஊதினால் நகரும் முள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மின்சாரம் தேவையில்லை. 1959-ல் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் மார்ட்டின் ரைட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். போலீஸார் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்லும் மதுச்சோதனைக் கருவியின் கையடக்க வடிவங்களில் ஒன்றை உருவாக்கியவரும் இவரே. ஊத வைத்தே இரண்டு முறை உலகத்துக்கு உபகாரம் செய்த மனிதர்!

சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை பார்க்காமல் மருந்து கொடுக்க யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூச்சு விஷயத்தில் மட்டும் 'இப்ப எப்படி இருக்கு?', 'பரவாயில்ல சிஸ்டர்' என்ற இரண்டு வரியில் வேலை முடிந்துவிடுகிறது. வருடக்கணக்காக இளைப்போடு வாழ்பவருக்குப் 'பரவாயில்லை' என்பதன் அளவே மாறிப்போயிருக்கும். பாதி மூச்சே அவருக்கு முழு மூச்சாகத் தோன்றும்.

அவருடைய நல்ல நாள் அளவில் பாதிக்கும் கீழே இருந்தால் தீவிரம், மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் உயிராபத்து என்பது பிரிட்டிஷ் வழிகாட்டுதலின் கணக்கு. வீட்டுக்கு அனுப்பும்போது நான்கில் மூன்று பங்காவது திரும்பியிருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கருவி இல்லாத இடத்திலும் கவனிக்க வழியிருக்கிறது. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடிகிறதா? நிமிடத்துக்கு 25 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறாரா? விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 92-க்குக் கீழே காட்டுகிறதா?

எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்ளும் அறிகுறி ஒன்று உண்டு. 'கீச் கீச்' என்ற வீசிங் சத்தம் நின்றுவிட்டால் குணமாகிறது என்று நினைப்போம். அவர் இன்னும் திணறிக்கொண்டிருக்கும்போதே சத்தம் அடங்கினால், சத்தம் எழுப்பக்கூட காற்று போகவில்லை என்று அர்த்தம். சோர்ந்து தூங்கி விழுகிறார், உதடு நீலமாகிறது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஒரு துறைமுகத்தின் துப்பறியும் கதை

தூத்துக்குடியில் மூச்சைப் பற்றிப் பேச்செடுத்தால், அது எங்கே போய் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2013 மார்ச் 23 காலை, தொண்டை எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீதிக்கு வந்ததையும், 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்ததையும் இந்த ஊர் மறக்கவில்லை. அந்தத் தாமிர உருக்காலையின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காற்றில் என்ன கலக்கிறது என்ற கேள்வி ஊருக்கு எப்போதும் முக்கியம். மருத்துவமனைகளின் பதிவேடு அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லும் என்பதற்கு ஸ்பெயினின் துறைமுக நகரம் பார்சிலோனா ஓர் உதாரணம்.

1980-களில் அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. சில நாள்களில் மட்டும், சில மணி நேரத்துக்குள், கூட்டம் கூட்டமாகப் பெரியவர்கள் ஆஸ்துமாவோடு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஓடிவந்தார்கள். மறுநாள் எல்லாம் அமைதி. டாக்டர்கள் பதிவேட்டைப் புரட்டி நாள், நேரம், நோயாளியின் இருப்பிடத்தைக் குறித்தார்கள். காற்றின் திசையைப் பார்த்தார்கள். கடைசியில் துறைமுகத்தின் கப்பல் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். சோயாபீன்ஸ் இறக்கிய நாள்களும் ஆஸ்துமா நாள்களும் பொருந்திப்போயின! 1981 முதல் 1987 வரை இப்படி 26 முறை நடந்திருந்தது. சோயா சேமிப்புக் கிடங்கு ஒன்றில் தூசி வடிகட்டி இல்லை. வடிகட்டி பொருத்தியதும் அந்த அலைகள் ஓய்ந்தன. ஆய்வு 1989-ல் வெளியாகி உலகப் புகழ்பெற்றது.

வ.உ.சி. துறைமுகம் 1974 முதல் பெருந்துறைமுகமாக இயங்குகிறது. நிலக்கரி, உரம், தானியம் என்று இறங்குகின்றன. பக்கத்திலேயே அனல்மின் நிலையங்கள். ஊரைச் சுற்றி உப்பளங்களும் உப்பு அரைத்துப் பாக்கெட் போடும் ஆலைகளும். ஏற்றுமதிக்காக இறாலும் நண்டும் சுத்தம் செய்யும் கூடங்கள். நண்டு, இறாலை வேகவைக்கும் ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பதால் தொழில்முறை ஆஸ்துமா வரும் என்பது பல நாடுகளில் நிரூபணமான விஷயம். உடன்குடிப் பக்கம் போனால் பதநீர் காய்ச்சும் அடுப்படி. அந்தக் கருப்பட்டியின் ருசிக்குப் பின்னால், விறகுப் புகைக்குள் மணிக்கணக்கில் நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

'எங்கே வேலை பார்க்கிறீங்க? லீவு நாள்ல இளைப்பு குறையுதா?' இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டு ஓ.பி. சீட்டில் எழுதிவைக்க அரை நிமிடம் போதும். வேலை நாளில் கூடி, விடுமுறையில் குறைகிறது என்றால் காரணம் வேலையிடத்தில் இருக்கலாம். பத்துப் பேர் சீட்டில் ஒரே கூடத்தின் பெயர் வந்தால், அது அதற்கப்புறம் தனி மனிதர் பிரச்னையாக இருக்காது.

சாப்பிடும் மருந்துகளையும் கேட்க வேண்டும். உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போடும் உழைப்பாளிகள் ஏராளம். பெரியவர்களில் சிலருக்கு இவையே கடும் இளைப்பைத் தூண்டும். பிரஷருக்கும் கண் நீர் அழுத்தத்துக்கும் தரப்படும் 'பீட்டா பிளாக்கர்' வகை மருந்துகளும், கண்ணில் விடும் சொட்டு மருந்து உட்பட, அப்படித்தான்.

சங்கு குளிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கம்ப்ரஸர் காற்றைக் குழாய் வழியாக இழுத்துக்கொண்டு இறங்குபவருக்கு ஆஸ்துமா இருந்தால், மேலே வரும்போது நுரையீரலின் ஒரு மூலையில் அடைபட்ட காற்று விரிந்து அதைக் கிழித்துவிடக்கூடும். இளைப்பு இருக்கிறது என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். டாக்டர் சரி என்று சொல்லாமல் இறங்கவும் வேண்டாம்.

அந்தக் கடைசி அரை மணி நேரம்

டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் நேரத்தில் வார்டில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். அடுத்த நோயாளி பெட்டுக்காகக் காத்திருப்பார். வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு, 'பஸ் போயிரும்' என்று அவசரப்படுவார். 'மருந்தை ஒழுங்கா போடுங்க' என்ற ஒரு வரியோடு அனுப்பிவிடுவார்கள். அடுத்த தாக்குதல் வருமா வராதா என்பது பெருமளவு இந்த நேரத்தில் முடிவாகிறது என்பதுதான் வேதனை.

இந்த நேரத்தில் கைக்கு வர வேண்டிய முதல் பொருள், தினமும் போடும் ஸ்டீராய்டு இன்ஹேலர். மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கிவைப்பது அதுதான். நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பிச் சிகிச்சை எடுப்பது பாதுகாப்பில்லை என்று 2019-ல் 'ஜினா' அறிவித்தது. பல பத்தாண்டுகளாக இருந்த வழக்கம் அந்த ஆண்டில் மாறியது. வீக்கத்தைக் குறைக்கும் பியூடெசோனைடும் உடனே மூச்சைத் திறக்கும் ஃபார்மோட்டெராலும் ஒரே இன்ஹேலரில் சேர்ந்து வருவதால், பலருக்கு அந்த ஒன்றே இரண்டு வேலைக்கும் போதும் என்கிறார்கள். எது யாருக்கு என்பது டாக்டரின் முடிவு. நீங்கள் கேட்க வேண்டியது, 'இது உடனே கேக்குறதா, தினமும் போடுறதா?' என்பதுதான். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் என்பதால், நிறத்தை வைத்து அடையாளம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

'இன்ஹேலர் பழகினா விடவே முடியாதாமே', 'கடைசி ஸ்டேஜுக்குத்தான அதைக் கொடுப்பாங்க', 'பொண்ணு கையில இன்ஹேலர் இருந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க...' இந்தப் பேச்சுகள்தான் இன்ஹேலரை அலமாரிக்குள் பூட்டிவைக்கின்றன. இன்ஹேலர் போதை தராது. தினமும் போட வேண்டியிருப்பது நோய் தினமும் இருப்பதால்தான், பிரஷர் மாத்திரை மாதிரி. ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயப்படுபவர்கள் அளவைப் பாருங்கள். ஒரு முறை உறிஞ்சும் இன்ஹேலரில் 200 மைக்ரோகிராம் அளவில் மருந்து இருக்கும். தாக்குதலின்போது ஒரு நாளைக்கு விழுங்கும் மாத்திரை 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்து, வீரியமும் வேறு என்றாலும் வித்தியாசம் புரிகிறதல்லவா? இன்ஹேலருக்குப் பயந்து, மெடிக்கல் ஷாப்பில் 'மூச்சு மாத்திரை' என்று கேட்டு மாதாமாதம் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குபவர்களுக்குத்தான் சர்க்கரை ஏறுவதும், எலும்பு தேய்வதும்.

இரண்டாவது, அதைப் போடத் தெரிய வேண்டும். இங்கே படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே கிடையாது. பலர் வாயில் வைத்து அழுத்திவிட்டு, அதன்பிறகு மூச்சை இழுக்கிறார்கள். மருந்தெல்லாம் நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்கிறது. நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். இழுத்த மூச்சைப் பத்து விநாடி அடக்க வேண்டும். முத்துக்குளித்த ஊர்க்காரர்களுக்குப் பத்து விநாடி என்ன பெரிய விஷயம்! கையும் மூச்சும் ஒத்துவராதவர்களுக்கு 'ஸ்பேசர்' என்ற பிளாஸ்டிக் குடுவை இருக்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் போட்டதும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால், வாய்ப்புண்ணும் தொண்டைக் கம்மலும் குறையும்.

சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. நோயாளி செய்து காட்ட, நர்ஸ் பார்த்துத் திருத்த வேண்டும். அடுத்த முறை வரும்போது மறுபடியும். இதற்கு எம்.டி. படித்த டாக்டர்தான் தேவை என்றில்லை. பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டர் போதும்.

மூன்றாவது, ஒரு தாள். என்ன மருந்து, எப்போது, மூச்சு எந்த அளவுக்குக் குறைந்தால் என்ன கூட்ட வேண்டும், எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று தமிழில் எழுதிய ஒரே ஒரு தாள். பிரிட்டனில் இறந்த அந்த 195 பேரில் 23 சதவிகிதத்தினரிடம்தான் இப்படி ஒன்று இருந்தது. கூடவே, ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்க ஒரு தேதி. 'முடியலன்னா வாங்க' என்பது தேதி ஆகாது. மணப்பாட்டிலிருந்தும் வேம்பாரிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும் என்றால் பலர் வர மாட்டார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே அந்தச் சீட்டு போய்ச் சேர வழி வேண்டும்.

புகை பிடிப்பவரென்றால் அதைப் பற்றிப் பேசவும் இதுவே சரியான நேரம். நேற்றிரவு மூச்சுக்குத் தவித்தவர் இன்றைக்குக் காதுகொடுத்துக் கேட்பார்.

பணக்கார நாடுகளுக்குத்தான் இதெல்லாமா?

பிரேசிலின் சால்வடார், பாஹியா மாநிலத்தின் தலைநகர். அதுவும் வெயிலும் உப்புக்காற்றும் ஏழைக் குடியிருப்புகளும் நிறைந்த துறைமுக நகரம்தான். அங்கே கடும் ஆஸ்துமா உள்ள குடும்பங்கள் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் இந்த நோய்க்கே செலவழித்துக்கொண்டிருந்தன. 2003-ல் பாஹியா மத்தியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். கடும் ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தினசரி இன்ஹேலர் இலவசம், அதைப் போடும் முறையைச் சொல்லித்தருவது, தொடர்ந்து கண்காணிப்பது. 2006-க்குள் அந்த நகரம் முழுவதிலும் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்பவர்கள் 74 சதவிகிதம் குறைந்தார்கள்.

பின்லாந்து 1994-ல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, நர்ஸ்களையும் மருந்துக்கடைக்காரர்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. 1993-ல் ஆஸ்துமாவுக்காக ஆண்டுக்கு 1,10,000 ஆக இருந்த மருத்துவமனை நாள்கள் 2003-ல் 51,000 ஆகின.

இந்தியாவின் கணக்கு கவலை தருகிறது. உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019 மதிப்பீட்டின்படி இங்கே சுமார் 3.4 கோடி பேருக்கு ஆஸ்துமா. உலக ஆஸ்துமா நோயாளிகளில் இது ஏறக்குறைய 13 சதவிகிதம். உலக ஆஸ்துமா மரணங்களிலோ நம் பங்கு 40 சதவிகிதத்துக்கும் மேல்! கோட்டயம், மைசூரு உட்பட நாட்டின் 9 இடங்களில் நடந்த 'குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க்' ஆய்வில், வீசிங் இருந்தவர்களில் 82 சதவிகிதத்தினருக்கு ஆஸ்துமா என்று யாரும் கண்டறிந்து சொல்லியிருக்கவில்லை. கடும் அறிகுறிகள் இருந்தவர்களிலும் 70 சதவிகிதத்தினர் அப்படியே. தமிழ்நாட்டு மையம் எதுவும் அந்த ஒன்பதில் இல்லை.

காகிதத்தில் நிறையவே மாறியிருக்கிறது. 2022-ல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சல்பியூட்டமாலும் பியூடெசோனைடும், பியூடெசோனைடு-ஃபார்மோட்டெரால் கூட்டு இன்ஹேலரும் இருக்கின்றன. சர்க்கரை, பிரஷர், புற்றுநோய் என்று இருந்த மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்தின் 2023 வழிகாட்டு நெறிமுறைகளில் ஆஸ்துமாவும் சேர்ந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கித்தர, தமிழ்நாட்டில் 1994-லேயே மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கிவிட்டோம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அந்தப் பையில் ஒரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும், அதைப் போட்டுக் காட்டச் சொல்லும் ஐந்து நிமிடத்துக்கும் இடம் கிடைத்தால், டிஸ்சார்ஜ் ஆகி வேம்பாருக்குப் போனவரை அங்கேயே போய்ப் பார்த்துவிடலாம். இவ்வளவு இருந்தும் நெபுலைசர் புகையோடு சிகிச்சை முடிந்துவிடுகிறது என்றால், அதை விதி என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

2023 டிசம்பர் மழையை இந்த மாவட்டம் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்த வீடுகளின் ஈரச் சுவர்களில் பிடிக்கும் பூஞ்சை, ஆஸ்துமாக்காரர்களுக்கு விஷம் மாதிரி. சாலை துண்டிக்கப்பட்டால் நெபுலைசர் வைக்க ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு இன்ஹேலரைக் கூடுதலாக வாங்கி, காலாவதித் தேதியைப் பார்த்து, அந்தத் தாளோடு சேர்த்து ரேஷன் கார்டு, ஆதார் வைக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே போட்டுவையுங்கள்.

திணறல் வந்துவிட்டால் படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார வையுங்கள். நிவாரண இன்ஹேலரை, ஸ்பேசர் இருந்தால் அதன் வழியாக, ஒவ்வொன்றாகக் கொடுங்கள். குறையவில்லை என்றாலோ, பேச்சு தடைப்பட்டாலோ 108-ஐ அழையுங்கள். ஆட்டோவில் போவதாக இருந்தாலும் இன்ஹேலரும் அந்தத் தாளும் கையில் இருக்கட்டும். மாஸ்க்கைக் கழற்றி, 'கிளம்பலாம்' என்று சொல்லும்போது, 'ஒரு தடவை ஊதிப் பாத்துட்டுப் போறேன் சிஸ்டர், அடுத்து எந்தத் தேதிக்கு வரணும்?' என்று கேளுங்கள். பஸ் போனால் போகட்டும்.